தோட்டத்துலேருந்து கோர்ட்டுக்கு: மலேசியாவுல லோயர் ஆகணும்னா எங்க ஆரம்பிச்சு எப்படிப் போறது (முழு வழிகாட்டி)

எஸ்பிஎம் (ஃபோம் ஃபைவ் முடிவுப் பரீட்சை) ரிசல்ட் வந்த ஒரு வாரத்துல எங்க லோயர் ஆபீஸ் வாசல்ல யாராவது ஒரு அம்மா பிளாஸ்டிக் ஃபைல கக்கத்துல வச்சிக்கிட்டு நிப்பாங்க, பின்னாடியே பிள்ளை தலைய குனிஞ்சிக்கிட்டு நிக்கும். "இவளுக்கு வாய் ஜாஸ்தி, லோயருக்குத்தான் லாயக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, என்னா படிக்க வைக்கலாம்?" இதான் கேள்வி. நான் மொதல்ல கேக்கறது வாயப் பத்தி இல்ல, "பிஎம் என்ன கிரேட்டு?"ன்னுதான். பிஎம்னா பஹாசா மலேசியா, மலாய் மொழிப் பாடம். அம்மாவுக்கு ஒண்ணும் புரியாது, பிள்ளைக்கு மட்டும் முகம் மாறும்.

நான் சுங்கை சிப்புட் ஆளு. அப்பா செம்பனைக் குலை வெட்டுனவரு, அம்மா உதிரிப்பழம் பொறுக்குனவங்க, லயத்து வீட்லேருந்துதான் படிச்சேன். எங்க தீம்பார்ல (எஸ்டேட்ல) அதுக்கு முன்னாடி லோயரு யாரும் கிடையாது, அதனால யாரக் கேக்கறதுன்னே தெரியாம தட்டுத் தடுமாறித்தான் போய்ச் சேந்தேன். எங்க மாமா மகன் எனக்கு ஒரு வருஷம் மூத்தவன், அவன் வேற வழியில போனான், அவன் பட்ட பாடு தனிக் கதை, நடுவுல சொல்றேன். ரெண்டு பேரும் பட்டத சேத்து வச்சி எழுதறேன், நீளமா இருக்கும், கோவிச்சிக்காம படிங்க. பெத்தவங்களும் படிங்க.

மொதல்ல மேப்பப் பாருங்க

நம்ம நாட்டுல (தீபகற்ப மலேசியாவுல) லோயரா நிக்கறதுக்கு ஒரே ஒரு சட்டந்தான் வாசல், 1976ம் வருஷத்து லீகல் புரோஃபெஷன் ஆக்ட். சபாவும் சரவாக்கும் தனி, அங்க வேற சட்டம். இங்கிலாந்துல கோர்ட்டுல வாதாடற பாரிஸ்டர் வேற, பத்திர வேலை பாக்கற சொலிசிட்டர் வேற, இங்க ரெண்டும் ஒரே ஆளுதான், அதான் போர்டுல "அட்வகேட் அண்ட் சொலிசிட்டர்"னு எழுதியிருக்கும். அந்த ஆக்ட்ல கேக்கறது நாலஞ்சு விஷயந்தான்: ஒத்துக்கிட்ட தகுதி இருக்கணும், 18 வயசு ஆயிருக்கணும், நல்ல நடத்தை, குடியுரிமை இல்லன்னா பிஆர் (நிரந்தரவாசத் தகுதி), 9 மாச சேம்பரிங் (மூத்த லோயர் ஒருத்தருக்குக் கீழ பயிற்சி). அதோட பஹாசா மலேசியா தேர்ச்சி. இதுல "ஒத்துக்கிட்ட தகுதி"ங்கறதுலதான் நம்ம பிள்ளைங்க நிறைய பேரு மாட்டிக்கிறாங்க, ஏன்னா சட்டம் படிச்ச எல்லாருக்கும் அந்தத் தகுதி கெடைக்கறது இல்ல. எந்த டிகிரி செல்லும், எது செல்லாதுன்னு முடிவு பண்றது யூனிவர்சிட்டி இல்ல, கோலேஜ் ஏஜெண்ட் கண்டிப்பா இல்ல, லீகல் புரோஃபெஷன் குவாலிஃபையிங் போர்டுன்னு ஒண்ணு கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்கு, அவங்க. இந்தப் பேர ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைங்க. இனிமே இத "போர்டு"ன்னே சொல்றேன்.

படி 1: எஸ்பிஎம்ல மூணு பாடம்

பிஎம், இங்கிலீஷ், செஜாரா (வரலாறு). செஜாரா ஃபெயில்னா சர்ட்டிஃபிகேட்டே இல்ல, பிஎம்மும் அப்படித்தான். ஆனா லோயர் ஆகணும்னா பிஎம் வெறும் பாஸ் பத்தாது, கிரெடிட் வேணும், அதாவது சி அல்லது அதுக்கு மேல. அரசாங்க யூனிக்கும் இதே கிரெடிட்டக் கேப்பாங்க. டி இல்ல ஈ வாங்கியிருந்தா அழுதுக்கிட்டு உக்காராதீங்க, பிஎம் பேப்பர மட்டும் திருப்பி எழுதலாம், உடனே எழுதுங்க, டிகிரி முடிச்சிட்டு பாத்துக்கலாம்னு விட்டா அப்ப மனசு வராது.

பிஎம் ஏன் இவ்வளவு முக்கியம்னு கேட்டா, மாஜிஸ்திரேட் கோர்ட்டுல எழுந்து நின்னு நீங்க மொதல்ல பேசப் போறது மலாய்லதான். "சாயா ஹாடிர் பாகி பிஹாக் தெர்த்துடோ, துவான்", அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரு சார்பா வந்திருக்கேன். சட்டப்படி கோர்ட்டு மொழி மலாய், நீதி கெடைக்க வேணும்னு நினைச்சா இங்கிலீஷ அனுமதிப்பாங்க, அதெல்லாம் பெரும்பாலும் மேல் கோர்ட்டுல. டவுன் கோர்ட்டுல மலாய் தட்டுத் தடுமாறுச்சின்னா எதிர்ல உக்காந்திருக்கற டிபிபி, அதான் அரசாங்கத் தரப்பு லோயரு, சிரிக்க மாட்டாரு, ஆனா நமக்கே வேர்க்கும்.

இங்கிலீஷ்? கேஸ் புக்கு பூராவும் இங்கிலீஷ். தமிழ்ப்பள்ளியில படிச்சோமே முடியுமான்னு பயப்படாதீங்க, நானும் தமிழ்ப்பள்ளிதான், என்னோட ஃபோம் ஃபோர் இங்கிலீஷ் கட்டுரை முழுக்க சிவப்பு மையா இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பேப்பர் செய்தி, தெரியாத வார்த்தை அஞ்சு, நோட்டுல. ரெண்டு வருஷம் விடாம செஞ்சேன், வேற ரகசியமெல்லாம் இல்ல. டியூஷனுக்கு வசதி இல்லன்னா சிறீ முருகன் நிலையம் மாதிரி இடங்களப் பாருங்க, 1982லேருந்து நம்ம பிள்ளைங்களுக்காக நடத்துறாங்க.

படி 2: ஃபோம் சிக்ஸ், அலட்சியம் வேணாம்

ஊர்ல என்ன சொல்வாங்கன்னா "ஃபோம் சிக்ஸ் கஷ்டம், பவுண்டேஷன் ஒரே வருஷம், நேரா டிகிரி". பவுண்டேஷன்னா கோலேஜ்ல டிகிரிக்கு முன்னாடி படிக்கற படிப்பு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா எஸ்டிபிஎம் (ஃபோம் சிக்ஸ் பரீட்சை) அரசாங்கப் பள்ளியில, செலவு பஸ் காசும் புத்தகமும் மட்டுந்தான், ஒன்றரை வருஷம், மூணு செமஸ்டர், ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனிப் பரீட்சை, கடைசியில சிஜிபிஏ. பெங்காஜியான் ஆம் (பொது அறிவுப் பாடம்) கட்டாயம். மத்த பாடத்துக்கு செஜாரா, பிஎம், எக்கோனோமி இந்த மாதிரி எடுக்கறவங்க அதிகம், பஹாசா தமிழும் எடுக்கலாம், தமிழ் நல்லா வரும்னா தயங்காம எடுங்க, சிஜிபிஏக்கு ஒரு தூண் மாதிரி நிக்கும்.

மூவெட்ட (யூனிக்குப் போறதுக்கான இங்கிலீஷ் பரீட்சை) மறந்துடாதீங்க. பேண்ட் 4க்கு கொறையாம குறி வச்சி எழுதுங்க, லோவுக்கு (சட்டப் படிப்புக்கு) ஆளு நிறைய, இடம் கொஞ்சம். யூபியூவுல (அரசாங்க யூனிக்கு விண்ணப்பிக்கற முறை) மெரிட் கணக்கு போடறப்ப 90 சதவீதம் பாடம், 10 சதவீதம் கோகோ, அதாவது புறப்பாட நடவடிக்கை. பள்ளியில தமிழ்மொழிக் கழகத்துக்கு செயலாளரா இருங்க, டிபேட் போங்க, சர்ட்டிஃபிகேட் எல்லாத்தையும் பத்திரமா வைங்க, எங்க வீட்டு லயத்துல கூரை ஒழுகி என்னோட ரெண்டு சர்ட்டிஃபிகேட்டு மை கரைஞ்சி போச்சு, அதுக்கப்பறம் அம்மா அத மைலோ டின்னுக்குள்ள போட்டு வச்சாங்க. சில யூனியில இண்டர்வியூவும் உண்டு, "ஏன் சட்டம்"னு கேப்பாங்க, "நீதிக்காக"ன்னு ஆரம்பிச்சா எல்லாரும் சொல்றதத்தான் சொல்றீங்க. தோட்டத்துல நீங்க கண்ணால பாத்த ஒரு விஷயத்த சொல்லுங்க. நான் சொன்னது, பிறப்பு பத்திரம் இல்லாம ஐசி (அடையாள அட்டை) எடுக்க முடியாம இருந்த எங்க பக்கத்து வீட்டு அண்ணனப் பத்தி.

படி 3: எந்த டிகிரி, இங்கதான் கவனம்

மூணு கதவு இருக்கு.

மொத கதவு உள்ளூர் டிகிரி. யூஎம், யூகேஎம், யூயூஎம், கோம்பாக்ல இருக்கற யூஐஏ, இந்த மாதிரி அரசாங்க யூனி எல்எல்பி (சட்ட டிகிரி), பொதுவா நாலு வருஷம், முடிச்சா சிஎல்பி பரீட்சை (போர்டு வைக்கற தகுதிப் பரீட்சை, படி 7ல சொல்றேன்) எழுத வேணாம், நேரா சேம்பரிங் போகலாம். யூஎம் லோ ஃபேக்கல்டிதான் மூத்தது, 1972ல ஆரம்பிச்சது. தனியார்ல மெலாக்காவுல இருக்கற எம்எம்யூ எல்எல்பிக்கும் சிஎல்பி தேவையில்ல. காசு, நேரம் ரெண்டையும் பாத்தா நம்ம மாதிரி குடும்பத்துக்கு இந்தக் கதவுதான் மொத சாய்ஸ், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா இடம் கம்மி. நான் போனது சிந்தோக், கெடா, யூயூஎம். மொத தடவ பஸ்சவிட்டு எறங்குனப்ப இது என்னடா நம்ம தோட்டத்தவிட பெரிய காடா இருக்குன்னு நினைச்சேன்.

ரெண்டாவது கதவு யூகே டிகிரி, மூணு வருஷம். முழுசா அங்கயே போய்ப் படிக்கறது வசதி உள்ளவங்களுக்கு, நம்ம ஆளுங்க அதிகமா போறது ரெண்டு வருஷம் கேஎல்ல ஒரு கோலேஜ்ல, கடைசி வருஷம் அங்க, இல்லன்னா யூனிவர்சிட்டி ஆஃப் லண்டன் எல்எல்பிய இங்கேருந்தே படிச்சி எழுதறது. இதுல எதுல போனாலும் டிகிரிக்கு அப்பறம் சிஎல்பி எழுதியாகணும்.

மூணாவது, யூகே டிகிரிக்கு மேல அங்கயே பார் கோர்ஸ் முடிச்சி பாரிஸ்டர் ஆகறது, லிங்கன்ஸ் இன் அந்த மாதிரி ஒரு இன்ல (லண்டன்ல இருக்கற பாரிஸ்டர் சங்கம்) சேந்து. அதுக்கு சிஎல்பி வேணாம். செலவ மட்டும் பவுன்ல போட்டுப் பாருங்க.

இப்ப மாமா மகன் கதை. எஸ்பிஎம் முடிச்சதும் ஒரு கோலேஜ்காரங்க டவுன்ல ஹோட்டல் ரூம் எடுத்து கண்காட்சி வச்சாங்க, பேனர், பலூன், இலவச பை. மாமா நாலு வருஷம் கட்டுன கூட்டுக்காசு (நம்ம சீட்டு) எடுத்து பவுண்டேஷனுக்கு கட்டிட்டாரு. ஒரு வருஷம் போச்சு, டிகிரிக்கு மாறப் போறப்பதான் ஒரு லெக்சரர் மெதுவா சொன்னாரு, தம்பி இந்த பவுண்டேஷன வச்சி டிகிரி வரைக்கும் போகலாம், ஆனா சிஎல்பி எழுத போர்டு இத ஒத்துக்காதுன்னு. கோலேஜ் ஆபீஸ்ல கேட்டா "நாங்க டிகிரிக்கு வழி இருக்குன்னுதானே சொன்னோம், லோயர் ஆகலாம்னு எங்க சொன்னோம்" அப்படின்னாங்க. வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான், பிரசுரத்துல அப்படித்தான் இருந்துச்சு. மாமா அன்னைக்கு பஸ்ல வர்ற வழி முழுக்க பேசவே இல்லையாம். அவன் திரும்பி வந்து ஏ-லெவல்லேருந்து (எஸ்டிபிஎம் மாதிரி இங்கிலாந்துப் பரீட்சை) மறுபடி ஆரம்பிச்சான்.

அதனால ஒரு சென் கட்டறதுக்கு முன்னாடி இந்த வேலய செய்யுங்க. போர்டோட வெப்சைட்ல ஒத்துக்கிட்ட யூனிவர்சிட்டி லிஸ்ட் இருக்கு, டிகிரிக்கு முன்னாடி என்ன தகுதி வேணுங்கறதும் இருக்கு. அதுல பாக்க வேண்டியது மூணு: யூனிவர்சிட்டி பேரு இருக்கா, நீங்க படிக்கப்போற முறை (முழு நேரமா, பாதி இங்க பாதி அங்கயா, முழுக்க இங்கயா) ஒத்துக்கிட்டதா, உங்க எஸ்டிபிஎம், ஏ-லெவல், பவுண்டேஷன் எதுவோ அது செல்லுமா. புரியலன்னா போர்டுக்கே ஈமெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க. கோலேஜ் கவுண்டர்ல இருக்கற அக்கா "கண்டிப்பா செல்லும் மா"ன்னு சொன்னா, சிரிச்சிக்கிட்டே "அத எழுத்துல குடுங்க கா"ன்னு கேளுங்க, அப்பத் தெரியும் சேதி.

படி 4: காசு

சீக்கிரமா சொல்லிடறேன். பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்விக் கடன்) எல்லாருக்கும் தெரியும், ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குனா திருப்பிக் கட்ட வேணாம்னு விலக்கு இருக்கு, ஆனா சட்டத்துல ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்கறது அத்திப் பூ, அத நம்பி கணக்குப் போடாதீங்க. மஇகாவோட (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கல்வி அமைப்பு எம்ஐஇடி கல்விக் கடன் குடுக்கும். யூனி ஸ்காலர்ஷிப், ஸக்காத் ஆபீஸ் பக்கத்துல இருக்கற மாணவர் நல ஆபீஸ் (எங்க யூனியில அப்படித்தான் இருந்துச்சு), போய்க் கேட்டாத்தான் கெடைக்கும். முக்கியமான விஷயம் வேற: எல்லாரும் டிகிரி செலவ மட்டும் கணக்குப் போடறாங்க. டிகிரிக்கு அப்பறம் சிஎல்பி வருஷம், 9 மாச சேம்பரிங், இந்த ரெண்டு காலத்துக்கும் வாடகை, சாப்பாடு, கறுப்பு சூட்டு, ரோப்பு (கோர்ட்டு அங்கி), எல்லாம் வேணும். சேம்பரிங் நேரத்துல சட்டப்படி வேற வேலைக்கும் போகக்கூடாது, மாஸ்டர் (பயிற்சி குடுக்கற மூத்த லோயர்) குடுக்கற அலவன்ஸ் மட்டுந்தான். எனக்கு மாசம் 800 வெள்ளி, ஈப்போவுல ரூம் வாடகைக்கே 300 போயிடும், மீதியில நாசி லெமாக் பொட்டலந்தான் காலையிலயும் ராத்திரியும்.

படி 5: சட்டத்த எப்படிப் படிக்கறது

மனப்பாடம்னு நினைச்சிக்கிட்டு வர்ற பிள்ளைங்க மொத செமஸ்டர்லயே விழுவாங்க, நானும் விழுந்தேன். கோண்ட்ராக்ட் லோவுல 41 மார்க்கு. செக்‌ஷன் எல்லாம் வரி வரியா ஒப்பிச்சேன், கேட்டதுக்கு பதில் சொல்லல, அவ்வளவுதான்.

பரீட்சையில வர்றது கதை மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு ஒண்ணு நானே போடறேன். குமார்னு ஒரு பையன், 17 வயசு, தோட்டத்துல இருக்கான். டவுன்ல கடையில 2,400 வெள்ளி ஹேண்ட்போன் தவணைக்கு எடுக்கறான், மாசம் 200, ரெண்டு மாசம் கட்டிட்டு நிறுத்திட்டான். கடைக்காரரு கேஸ் போட முடியுமா? இதுக்கு "பாவம் சின்னப் பையன்"னு எழுதுனா பூஜ்யம். மொதல்ல பிரச்சனை என்னன்னு ஒரே வரியில எழுதணும்: மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லுமா. அடுத்து சட்டம்: 1950 கோண்ட்ராக்ட்ஸ் ஆக்ட் செக்‌ஷன் 11, வயசு வந்தவங்கதான் ஒப்பந்தம் போடலாம். வயசு வந்தவங்கன்னா யாரு? 1971 ஏஜ் ஆஃப் மெஜோரிட்டி ஆக்ட், 18. அப்பறம் கேஸ்: மொஹோரி பீபீ எதிர் தர்மதாஸ் கோஷ், 1903, கல்கத்தாவுலேருந்து லண்டன் பிரிவி கவுன்சில் (அப்ப இந்தியாவுக்கு மேல் கோர்ட்டு) வரைக்கும் போன கேஸ், மைனர் பையன் வீட்ட அடமானம் வச்சி கடன் வாங்குனான், ஒப்பந்தம் அடியோட செல்லாதுன்னு தீர்ப்பு. கல்கத்தா கேஸ் நமக்கு எதுக்கு? ஏன்னா நம்ம கோண்ட்ராக்ட்ஸ் ஆக்ட் 1872ம் வருஷத்து இந்தியச் சட்டத்தப் பாத்து எழுதுனது, எவிடன்ஸ் ஆக்ட்டும் அப்படித்தான், பீனல் கோடும் அப்படித்தான். தமிழ்ப்படத்துல ஏமாத்துக்காரன "ஃபோர் ட்வெண்டி"ன்னு திட்றாங்களே, நம்ம பீனல் கோட்லயும் ஏமாத்துக்கு செக்‌ஷன் 420தான்.

சரி, சட்டம், கேஸ் ரெண்டும் சொல்லியாச்சு, இப்பதான் முக்கியமான கட்டம், குமார் கதையோட பொருத்தறது. வயசு 17, ஆக ஒப்பந்தம் செல்லாது. ஆனா அங்கயே நிக்காதீங்க, கடைக்காரரு பக்கம் உக்காந்து யோசிங்க. செக்‌ஷன் 69ன்னு ஒண்ணு இருக்கு, ஒப்பந்தம் போடத் தகுதி இல்லாதவங்களுக்கு அத்தியாவசியப் பொருள் குடுத்திருந்தா அவங்க சொத்துலேருந்து ஈடு கேக்கலாம். அப்ப 2,400 வெள்ளி ஹேண்ட்போன் தோட்டத்துப் பையனுக்கு அத்தியாவசியமா? ஆன்லைன்ல படிக்கறான்னா? வெறும் கேம் விளையாடத்தான்னா? இங்கதான் மார்க்கு கொட்டிக் கெடக்கு. ரெண்டு பக்கமும் வாதாடிட்டு கடைசியில ஒரு பக்கம் சாஞ்சி முடிவச் சொல்லணும். என்னோட 41, அடுத்த பேப்பர்ல 68 ஆனது இந்த ஒரு பழக்கத்தால.

கேஸ் படிக்கறது எப்படின்னா, தீர்ப்ப முழுசா மொத தடவ புரியலன்னு விட்டுடாதீங்க. ஒரு பக்க நோட்டு போதும்: யாரு யாரு, என்ன நடந்துச்சு, கோர்ட்டுக்கு முன்னாடி என்ன கேள்வி, என்ன சொன்னாங்க, ஏன். அந்த "ஏன்"தான் சாறு, மத்ததெல்லாம் சக்கை. மேல் கோர்ட்டும் தப்பு பண்ணும், பின்னாடி திருத்திக்கும், இத நிலச் சட்டத்துல ரெண்டு கேஸ சேத்துப் படிச்சா புரியும். பூன்சோம் பூன்யானிட்னு ஒரு தாய்லாந்து அம்மா, பினாங்குல அவங்க நிலத்த வேற யாரோ அவங்க பேர்ல கள்ளக் கையெழுத்துப் போட்டு அடோர்னா புரோப்பர்ட்டீஸ்ங்கற கம்பெனிக்கு வித்துட்டாங்க. கேஸ் மேல வரைக்கும் போயி கடைசியில வாங்குனவங்களுக்கே நிலம்னு தீர்ப்பாயிடுச்சு. கள்ளப் பத்திரத்துல வாங்குனவனுக்கு நிலமான்னு நாடே கொதிச்சிச்சு. அப்பறம் 2010ல டான் யிங் ஹோங்ங்கறவரு கேஸ்ல கூட்டரசு நீதிமன்றமே (நாட்டோட உச்ச கோர்ட்டு) அந்தத் தீர்ப்பு தப்புன்னு சொல்லிடுச்சு. நடுவுல பத்து வருஷம் போச்சு. இத லைப்ரரியில படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, எங்க தாத்தா வாங்கிப் போட்ட அரை ஏக்கர் நிலத்தோட கிரான் (உரிமைப்) பத்திரம் எங்க இருக்குன்னு அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

நம்ம ஈப்போவுலேருந்து போன கேஸும் பாடத்துல வரும், இந்திரா காந்தி முத்து கேஸ், பாலர்பள்ளி ஆசிரியை. அவங்களுக்குத் தெரியாம அப்பா மட்டும் பிள்ளைங்கள மதம் மாத்துனது செல்லாது, அம்மா அப்பா ரெண்டு பேரு சம்மதமும் வேணும்னு 2018 ஜனவரியில கூட்டரசு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. கோன்ஸ்டிடியூஷன் வகுப்புல இத எடுக்கறப்ப உணர்ச்சிவசப்படாம கேள்வி என்ன, கோர்ட்டோட அதிகாரம் எதுவரைக்கும்னு படிக்கக் கத்துக்கங்க. கஷ்டமாத்தான் இருக்கும். இருந்தாலும் அதுதான் இந்தப் படிப்போட பயிற்சி.

படி 6: லீவுல கோர்ட்டுல போய் உக்காருங்க

இத யாரும் சொல்லித் தரல எனக்கு. கோர்ட்டு பொதுவா எல்லாருக்கும் தொறந்ததுதான், அடக்கமா டிரெஸ் பண்ணிக்கிட்டு, ஹேண்ட்போன ஆஃப் பண்ணிட்டு, உள்ள போறப்ப தலை வணங்கி பின்னாடி பெஞ்சுல உக்காருங்க. காலையில மாஜிஸ்திரேட் கோர்ட்டு வாசல்ல கூட்டத்தப் பாத்தாலே பாதி சட்டம் புரியும், ஜாமீனுக்கு நிக்கற அண்ணன், சேமிப்புப் புத்தகத்த கையில வச்சிருக்கற அம்மா, லோக்காப்புலேருந்து ஊதா சட்டையில கொண்டு வர்ற பசங்க.

கைது பண்ணுனா 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டு வரணும், அது கோன்ஸ்டிடியூஷன் ஆர்ட்டிகிள் 5. அதுக்கு மேல வச்சிருக்கணும்னா ரிமாண்டு, கிரிமினல் புரொசிஜர் கோட் செக்‌ஷன் 117. தண்டனை 14 வருஷத்துக்குக் கொறஞ்ச குற்றம்னா மொத தடவ 4 நாள் வரைக்கும், ரெண்டாவது 3 நாள் வரைக்கும். 14 வருஷம், அதுக்கு மேலன்னா 7ம் 7ம். புத்தகத்துல இது நாலு வரி. ஆனா மகன எத்தனை நாள் வைப்பாங்கன்னு தெரியாம வாசல்ல நிக்கற அம்மாகிட்ட "இன்னும் மூணு நாளுக்கு மேல ரிமாண்டு கேக்க முடியாதும்மா"ன்னு நீங்க சொல்றப்ப, அந்த நாலு வரியோட எடை தெரியும். 2012லேருந்து வைபிஜிகே (தேசிய சட்ட உதவி அறக்கட்டளை) திட்டத்துல ரிமாண்டுக்கு இலவசமா லோயர் வர்றாங்க, அவங்கள கவனிங்க, எவ்வளவு சுருக்கமா பேசறாங்கன்னு.

தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கவனிங்க, ஜூருபாசான்னு சொல்வாங்க. ஒரு தடவ சாட்சி பாட்டி "பெரட்டுக்கு போற நேரத்துல பாத்தேன்"னு சொன்னாங்க. ஜூருபாசா டவுன்காரரு, "வேலைக்குப் போற நேரம்"னு மலாய்ல சொல்லிட்டாரு, எல்லாரும் காலை 8 மணின்னு எழுதிக்கிட்டாங்க. தோட்டத்துல பெரட்டு, அதான் வேலைக்கு முன்னாடி ஆளுங்கள வரிசையா நிக்க வச்சி பேரு கூப்புடறது, விடியறதுக்கு முன்னாடி, இருட்டுல. இருட்டுல எப்படி முகம் தெரிஞ்சிச்சுங்கற கேள்விதான் அந்தக் கேஸுக்கே உயிர். நம்ம தமிழும் தோட்டத்துப் பேச்சும் ஒரு லோயருக்கு எவ்வளவு பெரிய சொத்துன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சிச்சு.

படி 7: சிஎல்பி (உள்ளூர் டிகிரின்னா இதத் தாண்டிடுங்க)

1984லேருந்து இருக்கு. அஞ்சு பேப்பர்: ஜெனரல் பேப்பர், சிவில் புரொசிஜர், கிரிமினல் புரொசிஜர், எவிடன்ஸ், புரோஃபெஷனல் பிராக்டிஸ். இங்கிலீஷ்லதான் எழுதணும். ஒரு பேப்பர் மட்டும் போச்சுன்னா அத மட்டும் திருப்பி எழுதலாம், ரெண்டு போனா அஞ்சும் மறுபடி. நாலு தடவதான் வாய்ப்பு. மூணு வருஷம் இங்கிலாந்துச் சட்டம் படிச்சிட்டு வந்து திடீர்னு மலேசியா புரொசிஜர் படிக்கறதால நல்லா படிக்கற பிள்ளைங்களே தடுமாறுவாங்க. எங்க மாமா மகன் மொத தடவ ரெண்டு பேப்பர்ல போனான், அந்த வருஷம் தீபாவளிக்கு வீட்டுக்கே வரல. ரெண்டாவது தடவ பழைய கேள்வித்தாள கையால, கடிகாரத்த வச்சி, முழு நேரம் எழுதிப் பழகுனான். படிக்கறது பாதி, மணிக்கட்டு வலிக்காம எழுதறது மீதின்னு சொல்வான். பாஸ் பண்ணிட்டான்.

படி 8: சேம்பரிங்

9 மாசம், ஒரு மாஸ்டர் கீழ. அவருக்கு கொறஞ்சது 7 வருஷ அனுபவம் இருக்கணும். டிகிரி கடைசி வருஷத்துலயே தேட ஆரம்பிங்க. கேஎல் பெரிய ஆபீஸ்னா அலவன்ஸ் கூட, ஆனா சில இடத்துல ஒன்பது மாசமும் ஃபோட்டோஸ்டாட் மெஷின் பக்கத்துலயே போயிடும். ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் மாதிரி டவுன்ல சின்ன ஆபீஸ்னா காசு கம்மி, ஆனா நிலப் பத்திரமும் பாப்பீங்க, விவாகரத்தும் பாப்பீங்க, ஜாமீனும் பாப்பீங்க. ஊருக்குத் திரும்பி வந்து பிராக்டிஸ் பண்ணப் போறீங்கன்னா நான் சின்ன ஆபீஸத்தான் சொல்வேன்.

சேர்ந்த உடனே ஹைகோர்ட்டுல பெட்டிஷன், அஃபிடவிட், நன்னடத்தைச் சான்று ரெண்டு, எல்லாம் ஃபைல் பண்ணணும், இதத் தள்ளிப் போட்டா கடைசியில லோங் கோல் (லோயரா ஹைகோர்ட்டு ஏத்துக்கற நாள்) தேதியும் தள்ளிப் போகும். ஐசியில ஒரு பேரு, பிறப்பு பத்திரத்துல ஒரு பேரு, டிகிரியில இன்னொரு ஸ்பெல்லிங், நம்ம ஆளுங்களுக்கு இது சகஜம், அந்தக் காலத்துல கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) காதுல விழுந்தத எழுதிட்டாரு. இப்பவே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. போலீஸ் கேஸ் ஏதாவது பழசு இருந்தா மறைக்காதீங்க, மாஸ்டர்கிட்ட மொதல்லயே சொல்லுங்க, மறைச்சதுதான் பெரிய குத்தமா வந்து நிக்கும். மூணு மாசம் முடிஞ்சதும் ஷோர்ட் கோல் (கோர்ட்டுல நிக்க அளவான அனுமதி), அதுக்கப்பறம் சின்னச் சின்ன மென்ஷனுக்கு (தேதி வாங்கற மாதிரி வேலைக்கு) நீங்களே கோர்ட்டுல நிக்கலாம். பார் கவுன்சில் நடத்துற எத்திக்ஸ் கோர்ஸ், லீகல் எய்ட் வேலை, ரெண்டும் முடிச்சாகணும்.

என்னோட மொத மென்ஷன், மாஸ்டர் சொன்னது "தேதி மட்டும் வாங்கிட்டு வா". போய் நின்னேன், மாஜிஸ்திரேட்டு தேதி சொன்னாரு, நான் "தேரிமா காசே (நன்றி), சார்"னுட்டேன், "துவான்"னு சொல்லணும். யாரும் ஒண்ணும் சொல்லல. வெளிய வந்து பாத்தா தேதிய எழுதிக்கவே இல்ல. மறுபடி உள்ள போயி இண்டர்பிரெட்டர் அக்காகிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்குனேன். அன்னைலேருந்து பேனா கையில இல்லாம எழுந்து நிக்கறது இல்ல.

கடைசியா லோங் கோல். ஹைகோர்ட்டுல உங்க சார்பா ஒரு லோயரு பெட்டிஷன எடுத்துப் பேசுவாரு, எங்கேருந்து வந்தீங்க, அம்மா அப்பா யாருன்னு சொல்வாரு. அன்னைக்கு குடும்பத்த கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. "குலை வெட்டுற தொழிலாளியின் மகள்"னு கோர்ட்டுல சொன்னப்ப எங்கப்பா காதுக்கு சரியா கேக்கல, "என்னமா சொன்னாரு"ன்னு அம்மாவக் கேட்டாரு, அம்மா "ஒங்கள பத்திதான், சும்மா இருங்க"ன்னாங்க. அதோட முடிஞ்சிடல, வருஷா வருஷம் சிஜில் அனுவலும் (வருடாந்திரச் சான்றிதழ்) பிராக்டிசிங் சர்ட்டிஃபிகேட்டும் எடுத்தாத்தான் தொழில் பண்ண முடியும்.

ரோப்பு புதுசு வாங்கறது செலவு. என்னோட பழைய ரோப்பு ஒண்ணு அலமாரியில சும்மா தொங்குது, அஞ்சடி ரெண்டு அங்குலத்துக்கு சரியா இருக்கும், இதுவரைக்கும் மூணு பிள்ளைங்க அதப் போட்டுக்கிட்டுத்தான் லோங் கோல் போயிருக்காங்க. வேணுங்கறவங்க ஆபீஸுக்கு வந்து எடுத்துக்கங்க. துவைச்சித் திருப்பிக் குடுத்துடணும், அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்கும்.